ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு ஃபோர்ட்ரான் நிரல்

லினக்ஸுக்கென்றே ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய பழைய மூலக்கூறு கணக்கீட்டு நிரல் ஒன்றை, லினக்ஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி ஓடும் என் லேப்டாப்பில் கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) உட்கார்ந்தேன். கம்பைல் வேலையை வரிசையாக நடத்தும் ‘மேக்’ கட்டளையை அடித்ததும் வரிவரியாகப் பிழை. அதற்கான குறிப்புக் கோப்பான மேக்ஃபைல், லினக்ஸில் வழக்கமான குனு மேக்குக்கு எழுதியது. இங்கிருப்பது பிஎஸ்டி மேக். குனு மேக்கை இங்கே ஜிமேக் என்ற பெயரில் போட்டதும் நகர்ந்தது.

அடுத்த முட்டுக்கட்டை, நிரலின் சி மொழிப் பகுதிகள் கேட்கும் மல்லாக்.எச் என்ற தலைப்புக் கோப்பு (ஹெடர்). அது என்னவோ இருக்கிறது, ஆனால் உள்ளே ஓர் எரர் வரி: இதற்குப் பதில் எஸ்டிடிலிப்.எச் வந்துவிட்டதாம். வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வேறு விலாசம் சொல்கிற மாதிரி! நிரலின் நான்கு கோப்புகளில் மல்லாக்.எச்சைக் கேட்கும் வரியை மாற்றினேன்.

பிறகு ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான். 10ஆம் பதிப்பிலிருந்து, துணைநிரலுக்கு அனுப்பும் மதிப்பின் (ஆர்க்யுமென்ட்) வகை பொருந்தாவிட்டால் அது பிழை என்றே நின்றுவிடும். ‘அலோ ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச்’ ஃப்ளாகை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறிப்பை) கொடுத்ததும் அதை வெறும் எச்சரிக்கையாக்கி விட்டுவிட்டது. முறையான வைத்தியம் இல்லைதான். அதனால் மாதிரிக் கணக்கை ஓட்டி, லினக்ஸ் விடையோடு எட்டுத் தசம இடம்வரை ஒத்துப்பார்த்த பிறகுதான் சாப்பிட எழுந்தேன்.