முயல் வளைக்கு முதல் நாய்

முதல் நாய் வாங்கப் போனபோது நான் அதன் காலைத்தான் பார்த்தேன். நீண்ட கால், ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு. கோவில்பட்டிப் பக்கம் கன்னி நாய்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேட்டை நாய் என்றால் ஓட்டம்தான். இங்கிலாந்துக்கு வந்து நார்ஃபோக்கில் குடியேறிய மூன்றாவது வருடம், ஒரு விளம்பரத்தைப் பார்த்து விப்பெட், கிரேஹவுண்டு என்ற இரண்டு ஓட்ட நாய் இனங்கள் கலந்த குட்டி ஒன்றை வாங்கினேன். ராக்கி என்று பெயர் வைத்தோம். காற்றாகப் பறப்பான். ஆனால் முயல் வளை வேலைக்கு, அதாவது மண்வளைக்குள் இருக்கும் முயலை வெளியே வரவைத்துப் பிடிப்பதற்கு, அவன் கடைசிவரை சரிப்படவில்லை. தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை. நான் பார்த்திருக்க வேண்டியது மூக்கையும் குணத்தையும்.

நம்மூரிலிருந்து வந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. நம் பக்கத்துக் காட்டுமுயல் வளை தோண்டாது. புதரடியில் படுத்துக்கிடக்கும்; ஆபத்து வந்தால் ஓடித்தான் தப்பிக்கும். அதைத் துரத்த உருவானவை கன்னி, சிப்பிப்பாறை மாதிரியான ஓட்ட நாய்கள். அங்கே முயல் வேட்டையே 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது வேறு கதை. இங்கே உள்ள குழிமுயல் மண்ணுக்கடியில் கூட்டமாகக் குடியிருக்கும். இதே நார்ஃபோக்கில் தெட்ஃபோர்டு ஊரைச் சுற்றியுள்ள மணல் பூமியில் மடாலயத் துறவிகளே ஒரு காலத்தில் முயல் வளர்த்தார்கள். அதைக் காவல் காக்கக் கட்டிய கல்வீடு இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. ஒரே மேட்டில் முப்பது நாற்பது வளை வாய்கள் இருக்கும். முயல் உள்ளே இருக்கும்வரை எவ்வளவு வேகமான நாயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே போவது ஃபெரட் என்ற, மனிதர் பழக்கி வளர்க்கும் சின்ன விலங்கு. பார்ப்பதற்குக் கீரி மாதிரி ஒல்லியாக இருக்கும். ஆனால் நீர்நாய்க்குத்தான் சொந்தம். வளையின் ஒவ்வொரு வாயிலும் சுருக்குக் கயிறு போட்ட பர்ஸ் வலையை விரித்து, முளை அடித்து, ஃபெரட்டை உள்ளே விட வேண்டும். அதற்குப் பயந்து முயல் வெளியே பாயும், வலை சுருங்கும். செடிகொடிகள் வாடிய பிறகு, அக்டோபரிலிருந்து மார்ச் வரை இதற்கான காலம். கோடையில் இலை மறைப்பில் வாய்கள் தெரியாது, உள்ளே குட்டிகளும் இருக்கும்.

அப்படியானால் நாய்க்கு என்ன வேலை? முதல் வேலை, எந்த வளையில் முயல் இருக்கிறது என்று சொல்வது. இங்கே இதை மார்க் பண்ணுவது என்பார்கள். நல்ல நாய் பத்து வாய்களை மோந்துவிட்டு நகர்ந்துபோகும், பதினோராவதில் நின்று தலையைச் சாய்த்து உள்ளே கேட்கும். அது நிற்காத வளைக்கு வலை விரித்தால் பாதி நாள் வீணாகும். அதற்குப் பிறகு அது ஒதுங்கி நிற்க வேண்டும். குரைக்கக் கூடாது, மண்ணைப் பறிக்கக் கூடாது, வலை மேல் ஓடக் கூடாது. மேலே எதிரி நிற்பது தெரிந்தால் முயல் வெளியே வராது. ஃபெரட் அதை உள்ளேயே கொன்று, தின்று, அங்கேயே தூங்கிவிடும். ஃபெரட்டின் கழுத்துப் பட்டையில் உள்ள கருவியின் சத்தத்தை வைத்து இடம் கண்டுபிடித்து, இருட்டும்வரை மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். கடைசியாக, நாம் கவனிக்காத ஏதோ ஒரு வாயிலிருந்து தப்பும் முயலைப் பிடித்து, கடித்துக் குதறாமல் கையில் கொண்டுவந்து தர வேண்டும். ஓட்டம் தேவைப்படுவது இந்தக் கடைசி வேலைக்குத்தான், அதுவும் இருபது முப்பது அடிக்கு.

ராக்கி முதல் நாளே வலையைக் காலில் சுற்றிக்கொண்டு ஓடினான். மூன்றாவது முறை போனபோது வளையிலிருந்து எட்டிப்பார்த்த ஃபெரட்டை முயல் என்று நினைத்துக் கவ்விவிட்டான். அது என்னை இந்த வேலைக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஃபெரட், ஆறு வருடம் அவரோடு இருந்தது. அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு ராக்கியை நான் வயலுக்குக் கூட்டிப்போகவில்லை. பதிமூன்று வயதுவரை வீட்டுச் செல்லமாக இருந்து போய்ச் சேர்ந்தான்.

சரி, எந்த நாய்? என் பதில் பெட்லிங்டன் டெரியரும் (டெரியர் என்றால் வளை தோண்டி வேட்டையாடும் சின்ன நாய்) விப்பெட்டும் கலந்த லர்ச்சர். லர்ச்சர் என்பது தனி இனம் அல்ல. ஓட்ட நாயோடு டெரியரையோ ஆடு மேய்க்கும் நாயையோ கலந்தால் பிறக்கும் வேலைக்கார நாய்க்கு அந்தப் பெயர். விப்பெட்டிடமிருந்து சட்டென்று பாயும் காலும் வீட்டில் அமைதியாகக் கிடக்கும் குணமும் வரும். பெட்லிங்டனிடமிருந்து மூக்கும், முள்ளைத் தாங்கும் முடியும், விடாப்பிடியும் வரும். நம் முழங்காலைக் கொஞ்சம் தாண்டும் உயரம் போதும். அதற்கு மேல் வளர்ந்த நாய் வேலியோரத்துக் குறுகலில் திரும்பவே தடுமாறும்.

சுத்த விப்பெட்டும் நல்ல தேர்வுதான். ஆனால் அதன் தோல் காகிதம் மாதிரி. முள்கம்பியில் ஒருமுறை மாட்டினால் தையல்தான். ஜனவரிக் குளிரில் வலையோரம் நடுங்கிக்கொண்டு நிற்கும், மேலே ஒரு கோட்டு வேண்டும். ஆடு மேய்க்கும் கோலி நாய் கலந்த கிரேஹவுண்டு அபார புத்திசாலி, ஆனால் அது பெரிய வயல்வெளிக்கு உரியது. ஸ்பேனியல் முள்புதருக்குள் நுழைந்து முயலைக் கிளப்பும், ஆனால் பொறுமையாக நிற்பதற்கு அதைப் பழக்கப் புதியவருக்குக் கை வராது. டெரியரை முதல் நாயாக வாங்கவே வேண்டாம் என்பேன். குரைக்கும், தோண்டும், வாய்ப்புக் கிடைத்தால் தானே வளைக்குள் போகும்; உள்ளே ஃபெரட் இருந்தால் அதன் கதி அவ்வளவுதான். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுக்கு வீடு கொடுப்பது நல்ல காரியம். இந்த வேலைக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

இனத்தை விடத் தாயும் தகப்பனும் முக்கியம். குட்டி விற்பவரிடம், ‘தாய் நாயோடு ஒரு காலை வயலுக்கு வரலாமா?’ என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்யும் நாய் வைத்திருப்பவர் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார், அடுத்த சனிக்கிழமையே வரச் சொல்வார். சாக்குச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். செல்போனில் காட்டும் வீடியோவில் நாய் ஓடுவது தெரியும், நிற்பது தெரியாது. ராக்கியின் தாயை நான் பார்க்கக்கூட இல்லை; கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் குட்டியைக் கைமாற்றினார்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்கக் கூடாது. குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எட்டு வாரம் முடிந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும்.

பெட்லிங்டன் ரத்தம் இருந்தால் இன்னொரு கேள்வி: பெற்றோருக்குச் செம்பு நோய்ச் சோதனை செய்தார்களா? அந்த இனத்தில் கல்லீரலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய் உண்டு, மரபணுச் சோதனையும் உண்டு. கோலி ரத்தம் இருந்தால் ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் ஆபத்தாகலாம். ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகளின் மயக்கம் மெதுவாகத்தான் தெளியும். எந்தக் கலப்பு என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

குட்டிகளுக்கு நடுவில் எதை எடுப்பது? ராக்கிக்கு அடுத்து நான் செல்லியை எடுத்தபோது தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்தேன். ஒன்று என் ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்தது, ஒன்று மூலையில் ஒளிந்தது. செல்லி என் கையை நிதானமாக மோந்தாள். பையில் வைத்திருந்த முயல் தோலை எடுத்துப் போட்டேன். கவ்வி, கொஞ்சம் தூரம் போய், நான் கூப்பிட்டதும் திரும்பி என்னிடமே கொண்டுவந்தாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். பெட்டையைப் பழக்குவது எளிது என்பது என் அனுபவம், அதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஃபெரட்டைக் காட்டுங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஃபெரட், இந்தப் பக்கம் குட்டி. பிறகு மடியில் வைத்து. குட்டியின் மூக்கில் ஃபெரட் ஒரு கடி கொடுத்தாலும் பரவாயில்லை. அது விளையாட்டுப் பொருள் அல்ல என்று குட்டிக்குப் புரிந்துவிடும். ஆடு, கோழி பழக்கமும் அப்படித்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டு மந்தை பக்கமாகத் தினமும் நடக்க வேண்டும். ஆட்டைத் துரத்தும் நாயைச் சில சூழ்நிலைகளில் விவசாயி சுட்டால்கூடச் சட்டம் அவர் பக்கம். எலும்பு முற்றும்வரை, கிட்டத்தட்ட ஒரு வயதுவரை, கடுமையாக ஓட விடாதீர்கள். முயல் குடலைப் பச்சையாகப் போடாதீர்கள், நாடாப்புழு வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் வருடத்து வேட்டைச் சட்டம் நாயை வைத்து முயல் பிடிக்க விலக்குக் கொடுக்கிறது. நிலம் உங்களுடையதாகவோ அனுமதி பெற்றதாகவோ இருக்க வேண்டும். வளை தோண்டாமல் வெளியில் வாழும் பெருமுயலைத் துரத்த விலக்குக் கிடையாது. ஸ்காட்லாந்தில் 2023இலிருந்து சட்டம் இன்னும் கடுமை. பெருமுயல் துரத்தும் கும்பல்களால் நார்ஃபோக் விவசாயிகள் நொந்துபோயிருக்கிறார்கள். வயலில் லர்ச்சரோடு நிற்பவரைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்லத்தான் செய்வார்கள். என்னை இரண்டு முறை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். நில உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் சட்டைப்பையில் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பெருமுயல் எழுந்து ஓடினாலும் கூப்பிட்டதும் நாய் நிற்க வேண்டும். ஃபெரட் வேலைக்கு முன்பே இதைப் பழக்குங்கள்.

செல்லிக்கு ஒரு வயது முடிந்த அக்டோபரில் அவளை முதல்முறை வளைக்குக் கூட்டிப்போனேன். பெரியவரும் வந்தார், புது ஃபெரட்டோடு. வேலியோரம் நாலே வாய்கள் கொண்ட சின்ன வளை. இரண்டு வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. காலி, அடுத்ததுக்குப் போவோம் என்றார் அவர். செல்லி நகரவில்லை. மூன்றாவது வாயில் ஒரு காலைத் தூக்கியபடி, காதைச் சாய்த்து நின்றாள். பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து வலைகளை எடுத்தார். ஃபெரட் உள்ளே போய் ஐந்து நிமிடம் இருக்கும். மண்ணுக்குள் தடதடவென்று ஒரு சத்தம், சிலந்தி வலை இருந்த வாயில் எங்கள் வலை சுருங்கித் துள்ளியது. செல்லி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.