சேவைத் திட்டங்களுக்குப் பரிசு கொடுக்கும்போது நாம் விடும் தவறுகள்

போன மாதம் கொழும்பில் ஒரு பாடசாலை மண்டபத்தில், மாணவர் கழகங்களின் சமூக சேவைத் திட்டங்களுக்குப் பரிசு தெரிவு செய்யும் நடுவர் குழுவோடு உட்கார்ந்திருந்தேன். மற்ற மூவரும் இளையவர்கள். அதில் இரண்டு பேர் ஒரு காலத்தில் ரோட்டரி சேவை அமைப்பின் மாணவர் கழகமான இன்டரக்டில் இருந்த பிள்ளைகள்தான். மேசையில் பதினொரு பைல். முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அவர்கள் விட்ட தவறுகள் எல்லாவற்றையும் நான் முன்னமே விட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே வரிசையில். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. அங்கே அவசரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

சொந்தப் பாடசாலைக்குப் புள்ளி போடக்கூடாது, கூட்டலில் பிழை விடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுவோம்.

பைலுக்குப் பரிசு கொடுப்பது

2018இல் கடைசிச் சுற்றுக்கு இரண்டு திட்டங்கள் வந்தன.

ஒன்று, மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நூலகம். வண்ணப் படங்கள், சுருள் கம்பி போட்டுக் கட்டிய தடித்த பைல். இரண்டாயிரம் புத்தகங்கள், கண்ணாடிக் கதவு போட்ட நாலு அலுமாரி, நாடா வெட்டும் படம், அதிபரின் நன்றிக் கடிதம்.

மற்றது, கொட்டாஞ்சேனையிலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு சீ.ஆர். கொப்பி. மூலை மடிந்து, ஒரு பக்கத்தில் தேத்தண்ணிக் கறையோடு இருந்தது. 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த வருடம் எல்லாக் கழகங்களுக்கும் ஒரு டெங்குத் திட்டம் இருந்தது. பெரும்பாலும் ஒரு நாள் சிரமதானம்: கையுறை, பனர், குறூப் போட்டோ, பகல் சாப்பாட்டுப் பார்சல். இந்த ஆறு பேரும் ஒரே ஒரு ஒழுங்கையை எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் சனிக்கிழமை தவறாமல் போயிருந்தார்கள். கொப்பியில் இப்படி எழுதியிருந்தது: "17ஆம் நம்பர். பிரிட்ஜ் பின்தட்டில் தண்ணீர், குடம்பி இருந்தது. ஆச்சி ஏசினார்." அடுத்த சனி: "17. தட்டு காய்ந்திருந்தது. ஆச்சி தேத்தண்ணி தந்தார்."

கறை எங்கிருந்து வந்ததென்று அதிலேயே இருந்திருக்கிறது. எனக்கு ஓடவில்லை.

ஏன் சனிக்கு சனி? டெங்கு நுளம்பின் முட்டை பொரித்துப் பறக்கிற நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். மாதத்துக்கு ஒரு முறை துப்புரவு செய்தால் இடையில் நுளம்புகள் வளர்ந்து பறந்துவிடும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் ஊற்றிவிட்டால் போதாது, தேய்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே "தேய்த்தோம்" என்று எழுதியிருந்தார்கள். நான் சிவப்புப் பேனையால் எழுதியது: "ஆவணப்படுத்தல் போதாது."

பைலுக்கு 91. கொப்பிக்கு 64.

அடுத்த வருடம் ஹட்டன் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, அந்தப் பாடசாலை வழியில் இருந்தது. நாங்கள் பரிசு கொடுத்த நூலகமாயிற்றே, பார்த்துவிட்டுப் போவோம் என்று இறங்கினேன். நாலு அலுமாரியும் நாலு பூட்டோடு நின்றன. கண்ணாடிக்கு உள்ளே பாதிப் புத்தகங்கள் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. முன்வரிசையில் ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள், பழைய பாடத்திட்டத்துக் கணக்கியல் புத்தகங்கள். கொழும்பு வீடுகளில் தட்டு ஒழித்தபோது வந்தவை.

"தமிழில் எவ்வளவு இருக்கு தம்பி?" என்று அங்கிருந்த இளம் ஆசிரியரைக் கேட்டேன்.

"ஒரு தட்டு, மிஸ்."

"அதையாவது திறந்து கொடுக்கலாமே?"

"எல்லாம் பொருட்பதிவேட்டில் ஏறிட்டுது, மிஸ். கணக்கெடுக்க வரும்போது ஒண்டு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்."

அவரில் பிழை இல்லை. பைலைத் தயாரித்த பிள்ளைகளிலும் பெரிய பிழை இல்லை. நாங்கள் எதற்குப் புள்ளி போடுவோமோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். நாடா வெட்டும் படத்துக்குப் புள்ளி என்றால் நாடா வெட்டுவார்கள். அடுத்த வருடம் கொழும்பிலிருந்து நூலகத் திட்டங்கள் வரிசையாக வந்தன. நான் எரிச்சல்படுவது அதற்குத்தான். அதைத் தொடக்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது நான் செய்வது இது. நூறில் முப்பது புள்ளியைக் கையில் வைத்துக்கொள்கிறேன். திட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த இடத்துக்குப் போகிறேன், அல்லது கழகம் தராத ஒரு தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்துப் பேசுகிறேன். அதிபரிடம் பேசுவதைவிட காவலாளியிடமும், சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவரிடமும் பேசுவது நல்லது. கேள்வி ஒன்றே ஒன்று: "கடைசியாக எப்போது பாவித்தீர்கள்?" கழகத்தின் பக்கமும், தலைவரை விட்டுவிட்டு ஆக இளைய உறுப்பினரைக் கூப்பிட்டு, எது சரிவரவில்லை என்று கேட்கிறேன். வேலை செய்த பிள்ளைக்கு அதற்கு உடனே பதில் இருக்கும். எல்லாம் சரிவந்தது என்று சொல்லும் பிள்ளை அநேகமாகப் படத்துக்கு மட்டும் வந்து நின்ற பிள்ளை.

ஆங்கிலத்துக்குப் புள்ளி போடுவது

கொழும்பில் இது சுகமாக நடந்துவிடும். நேர்முகம் ஆங்கிலத்தில் தொடங்கும், சரளமாகப் பேசும் பிள்ளை "தலைமைத்துவம்" என்ற கட்டத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கிக்கொண்டு போகும். ஒரு முறை வட கொழும்புப் பையன் ஒருவன் மூன்று கேள்விக்கும் "யெஸ் மிஸ்" என்றே சொன்னான். தமிழில் கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தவில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்காகச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். முதலில் கட்டியது செங்குத்தாகப் போய், அவர் ஏற முடியாமல் பின்னால் உருண்டிருக்கிறார். பிறகுதான் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பைலில் அந்த இடித்த கதையே இல்லை. வெட்கமாம்.

தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் இல்லாத நடுவர் குழுவில் உட்காராதீர்கள்.

தலைகளை எண்ணுவது

இரத்ததான முகாமில் 200 பேர் இரத்தம் கொடுத்தார்கள் என்றால், அது கொடுத்தவர்களின் பெருமை. 18 வயதாகாத பிள்ளை இரத்தம் கொடுக்க முடியாது. பிள்ளை என்ன செய்தது என்று கேளுங்கள்.

அப்பாமாரின் திட்டம்

லொறி, அரிசி, அனுசரணை எல்லாம் ஒரே ஆளின் பெயரில் வந்திருந்தால், பரிசை அவருக்கே கொடுத்துவிடலாம்.

உதவி பெற்றவரை மேடையேற்றுவது

வேண்டாம். அந்தப் பிள்ளையும் நாளைக்கு இதே ஊரில்தான் பஸ் ஏற வேண்டும்.

ஜூன் மாத அவசரம்

இன்டரக்ட், 1962இல் ரோட்டரி தொடங்கியது; இப்போது 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. கழகம் ஒன்று வருடத்துக்குக் குறைந்தது இரண்டு திட்டமாவது செய்ய வேண்டும். ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. விருதையும் அந்தக் கணக்கிலேயே வைத்தால் நடப்பதைப் பாருங்கள்: ஏப்ரல், மே மாதங்களில் திட்டங்கள் குவியும், ஜூனில் பரிசு, ஜூலையில் புதுத் தலைவர். பழைய தலைவரின் திட்டத்தைத் தொடர்ந்து செய்ய அவருக்கு என்ன அவசியம்? நான் இப்போது அடுத்த வருடம்தான் கொடுக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் உயர்தரம் முடித்துப் போயிருப்பார்கள் என்று மறுக்கிறார்கள். போனால் என்ன, கூப்பிட்டால் வருவார்கள்.

சான்றிதழில் பெயர்

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள். "ஸ்ரீ"யும் "ஷ்"உம் எங்கேயாவது சதி செய்யும்.

பிரதம விருந்தினர்

பேச ஏழு நிமிடம். பிள்ளைகளுக்கு இரண்டு மணிக்கு ரியூஷன்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதது

பைல்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அதற்குக் கணினியில் பிரதி இருக்கும். கையால் எழுதியதற்கு இருக்காது. 2021இல் பம்பலப்பிட்டி பஸ் தரிப்பில் முகக்கவசம் போட்ட ஒரு பிள்ளை கிட்டே வந்து, "மிஸ், என்னைத் தெரியுதா? டெங்குக் கொப்பி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அது இன்னும் உங்களிட்ட இருக்கா மிஸ்? 17ஆம் நம்பர் ஆச்சி காலமாயிட்டா. அவங்கட மகளுக்குக் காட்டலாமெண்டு" என்றாள்.

இருந்தது. என் அலுமாரியில், பூட்டுக்கு உள்ளே.