சம்பந்தி வீட்டு வேர்களைக் கென்டக்கி கவுண்டி ஆவணங்களில் தேடுவது எப்படி

பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அப்பா வழியை நான் சொல்லிவிட்டேன். அம்மா வழி, அதாவது எங்கள் சம்பந்தி வீடு, அமெரிக்காவில் கென்டக்கியின் கிழக்குப் பக்க மலையூர். மருமகளுக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தாவுடைய தாத்தாவின் பெயரும் ரோவன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்பதும்தான். அதை வைத்துக்கொண்டே 1820கள் வரை போக முடிந்தது. இப்படி அமெரிக்கச் சம்பந்தம் உள்ள வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேடாதீர்கள், கவுண்டியைத் தேடுங்கள். கென்டக்கியில் மட்டும் 120 கவுண்டிகள். கல்யாணம், நிலம், உயில் எல்லாம் அந்தந்தக் கவுண்டி கிளார்க் (நம் ஊர்ச் சார்பதிவாளர் மாதிரி) அலுவலகத்துப் புத்தகங்களில்தான் பதிவாகும். சிக்கல் என்னவென்றால், கவுண்டிகள் பிரிந்துகொண்டே இருந்தன. மயிலாடுதுறைக்காரர் ஒருவரின் பழைய பத்திரத்தில் மாவட்டம் 1991க்கு முன் தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம் என்று இருக்கும், ஆள் வீட்டை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார். அதே கதைதான் அங்கும். ரோவன் கவுண்டி 1856இல்தான் பிறந்தது, ஃப்ளெமிங், மார்கன் என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து வெட்டி எடுத்தது. ஃப்ளெமிங் 1798இல் மேசனிலிருந்து வந்தது. மேசனோ, 1792இல் கென்டக்கி தனி மாநிலம் ஆவதற்கு முன்பே வர்ஜீனியாவின் கீழ் இருந்தது. பிரிந்தபோது பழைய புத்தகங்கள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. இது தெரியாமல் நான்கு மாதம் ரோவன் புத்தகங்களையே புரட்டினேன், 1850க்கு முந்தைய ஒரு காகிதம் கூடக் கிடைக்கவில்லை. சிகாகோவில் உள்ள நியூபெரி நூலகத்தின் வரலாற்றுக் கவுண்டி எல்லை வரைபடங்கள் இணையத்தில் இலவசம். எந்த வருடம் எல்லை எங்கே இருந்தது என்று அதில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த வருடம் எந்தக் கவுண்டி என்பதைச் சென்சஸ் சொல்லிவிடும். 1950 வரை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அதிலிருந்து பத்துப் பத்து வருடமாகப் பின்னால் போங்கள். குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்று 1880 முதல்தான் எழுதினார்கள், வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் 1850 முதல்தான் (அதுவும் அடிமைப்படுத்தப்படாதவர்களுக்கு மட்டும்). 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டன் தீ விபத்தில் பெரிதும் சேதமாகி, மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டதால், ஏறக்குறைய முழுதுமாகப் போய்விட்டது. அந்த இடைவெளிக்குக் கவுண்டியின் வரிப் பட்டியல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் எழுதியவை. ஒரு பையனுக்கு 21 வயதானதும் அவன் பெயர் புதிதாக முளைக்கும்.

இனி, என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய புதையல்: நிலப் பத்திரங்கள். பிறப்பு இறப்புப் பதிவு கென்டக்கி முழுவதும் ஒழுங்காகத் தொடங்கியதே 1911இல்தான், ஆனால் நிலம் விற்றால் அன்றும் எழுதித்தானே ஆகவேண்டும். அட்டவணை இரண்டு இருக்கும், எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஒன்று, எழுதி வாங்கியவர் பெயரில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். விலை ஒரு டாலர், "அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு" என்று இருந்தால் நம் ஊர்த் தான செட்டில்மென்ட் மாதிரி, பெரும்பாலும் அப்பா பிள்ளைக்கு எழுதியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து வாரிசுகள் சேர்ந்து விற்றிருந்தால் அந்த ஒரு பத்திரத்திலேயே எல்லாப் பிள்ளைகள் பெயரும், மகள்களுக்கு வாய்த்த கணவர்கள் பெயரும், சில சமயம் யார் எந்த மாநிலத்துக்குப் போனார் என்பதும் வரிசையாக இருக்கும். சம்பந்தி வீட்டில் யாருக்குமே தெரியாத ஒரு பாட்டியின் பெயரையும் ஒரு பத்திரத்தில்தான் கண்டுபிடித்தேன். கணவர் நிலம் விற்கும்போது மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், கிளார்க் அவரைத் தனியே அழைத்துக் கேட்டு எழுதுவார். அந்தப் பத்திரத்தின் கடைசி மூன்று வரியில், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியோடு இருந்தார் அந்தப் பாட்டி.

கல்யாணப் பதிவைப் பெண் வீட்டார் இருந்த கவுண்டியில் தேடுங்கள். கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரத்தில் அவரோடு கையெழுத்திட்டவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன் தம்பி.

இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். குடும்ப வேர்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, பெயர் தேடும் பெட்டியை விட்டுவிட்டுக் கேட்டலாகுக்குப் போய்க் கவுண்டி பெயரைக் கொடுங்கள். பெயர்த் தேடலில் அகப்படாத புத்தகங்கள் அங்கே பக்கம் பக்கமாகப் படமாக இருக்கும். சில படங்கள் அவர்களுடைய மையங்களிலும் இணைந்த நூலகங்களிலும் மட்டுமே திறக்கும். பெயர் எழுத்தைக் கெட்டியாகப் பிடிக்காதீர்கள், காதில் விழுந்ததைத்தான் கிளார்க் எழுதினார்.

கிளார்க் அலுவலகத்துக்கு எழுதுவதானால் ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: பெயர், வருடம், தெரிந்தால் புத்தக எண், பக்க எண். குடும்பக் கதை எல்லாம் வேண்டாம், அவர்கள் நமக்காக ஆராய்ச்சி செய்ய மாட்டார்கள். புத்தகங்கள் இருந்த கோர்ட்ஹவுஸ் எரிந்துபோய்விட்டது என்று பதில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். வரிப் பட்டியலின் ஒரு பிரதி தலைநகர் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் போயிருக்கும், அங்கே மாநில ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. 1865க்கு முந்தைய உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் திறந்தால் மாடு, கட்டில், கலப்பைக்கு நடுவே அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் பெயர்கள் விலையோடு வரும். படிக்கவே மனசு தாங்காது. 1850, 1860 சென்சஸில் அவர்களைப் பெரும்பாலும் பெயர் இல்லாமல் வயது, பாலினம், நிறம் போட்டு எழுதினார்கள். பெரும்பான்மையோருக்குப் பெயர் வந்ததே 1870இல்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று தேடுவது இதே பக்கங்களைத்தான். உங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று புரட்டிவிடாமல் அந்தப் பெயர்களை, கவுண்டி, புத்தக எண், பக்க எண்ணோடு தனியாக எழுதி அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் இதுவரை பதினேழு பெயர் அனுப்பியிருக்கிறேன்.