கண்மாய்க்கரையில் தொடங்கும் மலைச் சைக்கிள் அணி

மதுரையில் சிறுவர்களுக்கென ஒரு மலைச் சைக்கிள் அணியைத் தொடங்க நினைப்பவரின் கண் முதலில் யானைமலையின் மீதும் அழகர்மலையின் மீதும்தான் விழும். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டாம் என்பதே என் கருத்து. யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்கள் இருக்கின்றன. அழகர்மலைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு செம்மண் திடலும் நீர் வற்றிய ஒரு கண்மாயும் இருந்தால் போதும்.

முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது மிதிப்பதையன்று, நிறுத்துவதை. எந்தப் பிடி முன்சக்கரத்துக்கு, எது பின்சக்கரத்துக்கு என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறக்கூடுமாதலால், ஒவ்வொரு பிள்ளையையும் தன் வண்டியில் அதைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல வையுங்கள். பிறகு திடலின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, மிதமான வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பின்பிரேக்கை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு செம்மண்ணில் நீளமாக ஒரு தடம் இழுபடும். அடுத்த முறை இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் கைக்கு ஒரு விரலால் மெல்ல மெல்ல இறுக்கி நிறுத்தச் சொன்னால், வண்டி அதில் பாதித் தூரத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் ஏறுவதால் அதுவே வண்டியை நிறுத்துகிறது என்பதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாது. இரண்டு தடங்களையும் காலடி வைத்து அளந்து பார்த்த பிள்ளை பிறகு மறப்பதில்லை.

அடுத்து கண்மாய்க்கரை. பாசன நீர் திறக்கும் மடையிலிருந்து, மிகுந்த நீர் வழியும் கலுங்கு வரை போகும் ஒற்றையடித் தடம், குறுகிய மலைப்பாதைக்கு மிக நெருக்கமான பயிற்சி. இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்க, இருக்கையிலிருந்து எழுந்து ஓட்ட வேண்டும். பயந்த பிள்ளை கரையின் விளிம்பையே பார்க்கும். பார்த்த பக்கமே வண்டியும் போகும். "சக்கரத்தப் பாக்காத தம்பி, அந்தப் பனமரத்தப் பாரு" என்பதை ஒரு காலைப்பொழுதில் ஐம்பது முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். கடைசியில் வருபவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் தங்கிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் மலையைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். முதல் ஆண்டில் ஒரே சக்கரத்துக்கு ஒரே காலையில் மூன்று டியூப் மாற்றினேன். டயருக்குள் ஒடிந்து நின்ற முள்நுனியைத் தேடாமல் புது டியூப்பைப் போட்டதுதான் தவறு. கையில் குத்திவிடாமல் ஒரு பருத்தித் துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் தேய்த்து வாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். கடைகளில் கல் போலக் காற்றடித்துத் தருவார்கள். நாற்பது கிலோப் பிள்ளைக்கு, டியூப் போட்ட அகன்ற டயரில் 30 பிஎஸ்ஐ அளவே போதும். அதற்கு மேல் காற்று இறுகினால் வண்டி சரளையில் துள்ளும்.

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. தலை சுற்றுகிறது, குளிர்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, பேச்சு தடுமாறினால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். உப்பிட்ட மோரும் வாழைப்பழமும் கடலை உருண்டையும் இருக்கையில் விலையுயர்ந்த பானங்கள் தேவையில்லை. பெற்றோரில் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தண்ணீர்க் கேனோடு கூடவே வந்தால் அதுவே பெரிய உதவி. ஓரத்தில் நின்று "வேகமா மிதிடா" என்று கத்தும் தகப்பனாரைத் தனியே அழைத்துப் பேசிவிடுவது நல்லது. ஹெல்மெட் இல்லாத பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைமண் இளகியிருக்கும். அப்போது சக்கரம் ஓட்டினால் தடம் பள்ளமாகி, நீர் அரிக்க வழிபிறக்கும், ஊர்க்காரர்கள் கோபிப்பதும் நியாயமே. அந்த நாட்களில் கரையை விட்டுவிட்டு, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் வண்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் செயின் துடைக்கவும் பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொடுங்கள்.