ச்சலபார்த்தாவை பேண்டோடு சேர்க்கும்போது செய்யக்கூடாதவை

பாஸ்க் நாட்டின் (ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதி) மரப்பலகை வாத்தியமான ச்சலபார்த்தாவை ராக்கிலும் எலக்ட்ரானிக் இசையிலும் இப்போது பலர் சேர்க்கிறார்கள். 1960களில் கிபுஸ்கோவா மாகாணத்தின் லசார்தே, அஸ்திகர்ராகா ஊர்க்காரர்களான இரண்டு சகோதர ஜோடிகளோடு முடிந்துபோயிருக்க வேண்டிய வாத்தியம் அது. அவர்களிடமிருந்து ஆர்த்சே சகோதரர்களும் பெல்த்ரான் சகோதரர்களும் கற்றுக்கொண்டு அதை அழியாமல் காத்தார்கள். குச்சிப்பிடி, கைவலி எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை தானாகச் சரியாகாதவை.

இருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்வது

வாசிப்பவர் இருவர், குச்சிகள் நான்கு. ஒருவர் த்யக்குனா: சீரான இரட்டைத் தட்டு. மற்றவர் எர்ரேனா: அந்தச் சீரைக் கலைப்பவர். த்யக்குனா விடும் இடைவெளியில் அவர் இரண்டு தட்டு தட்டலாம், ஒன்று தட்டலாம், சும்மாவும் இருக்கலாம். அவர் சற்று முந்தினால் த்யக்குனா இடம் கொடுக்கும். தடுமாறித் தொடங்கி வேகம் ஏறுவது இப்படித்தான்.

ஸ்டுடியோவில் நடப்பது என்ன? கிளிக்கை (வேகம் காட்டும் சீரான டிக் ஓசை) நிமிடத்துக்கு 120இல் ஓடவிட்டு த்யக்குனாவை முதலில் பதிந்துவிடுகிறார்கள். அடுத்த நாள் எர்ரேனாக்காரர் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடி வாசிக்கிறார். எதிரில் இருப்பது அசையாத டிராக். எவ்வளவு தள்ளினாலும் அது நகராது. போதாக்குறைக்கு குவாண்டைஸ் (தட்டுகளைக் கணினி சீராக நகர்த்துவது) வேறு! எல்லாத் தட்டும் பதினாறில் ஒரு பங்கு கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ள, மிஞ்சுவது மரத்தில் அடித்த ஹை-ஹேட் (டிரம்ஸில் சீராக ஒலிக்கும் இரட்டைத் தட்டு). அதன்மேல் பாஸ், கிட்டார், குரல் எல்லாம் ஏறிய பிறகுதான் யாராவது "உயிரே இல்லையே" என்பார்கள். அப்போது ச்சலபார்த்தாவை மட்டும் மாற்ற வழியில்லை. பாட்டையே மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டுடியோ வாடகை இரண்டு மடங்கு.

முதலில் பதிய வேண்டியது ச்சலபார்த்தாதான். இருவரும் ஒரே பலகை முன் நின்று, கிளிக் இல்லாமல், முழு டேக்காக மூன்று நான்கு முறை வாசிக்கட்டும். த்யக்குனாவின் முதல் தட்டைக் குறித்துக்கொண்டே போய் டெம்போ மேப் (வேகம் எங்கே எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) போடுங்கள். டிரம்ஸும் பாஸும் அதைப் பின்தொடரட்டும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) இருப்பதால் டெம்போ மாறக்கூடாது என்றால் கிளிக் த்யக்குனாவின் காதுக்கு மட்டும். எடிட்டில் முழு பாரை (ஒரு தாளச் சுற்றை) நகர்த்தலாம், தனித் தட்டைத் தொடக்கூடாது.

பலகையை முனையில் தாங்குவது

சீரான பலகையில் அதிர்வு அடங்கும் இடம், இரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22.4 சதவீதம் உள்ளே. 2 மீட்டர் பலகைக்கு ஏறக்குறைய 45 செ.மீ. தாங்கியும் ஃபோமும் (அந்தக் காலத்தில் சோளக்கதிர்த் தோல்) அங்கே இருந்தால்தான் பலகை பாடும். இடம் தவறினால் தொம்மென்று அடங்கிவிடும். ஈக்யூவால் (ஒலியின் கனம், கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதை மீட்க முடியாது.

சுருதியை நம்பி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடுக்குவது

பலகையைக் குட்டையாக்கினால் சுருதி ஏறும், நடுவில் இழைத்தால் இறங்கும். அடிப்படைச் சுருதி சேர்ந்துவிட்டாலும், அடுத்த மேல்சுருதி அதைப்போல் சுமார் 2.76 மடங்கில் நிற்கும். அது ஆக்டேவ் (சரியாக இரண்டு மடங்கு) இல்லை. கீபோர்டின் தடித்த கார்டோடு அது உரசும். வெறும் பாஸ் வரியோடு உரசல் குறைவு.

கிக் டிரம்

த்யக்குனா விழும் இடத்திலேயே வைக்காதீர்கள்.

ரிவர்ப் (அறை எதிரொலி)

கொஞ்சம் போதும்.

சாம்பிள்

பதிந்த ஒரே தட்டை எடுத்து பேடில் (அடித்தால் ஒலிக்கும் எலக்ட்ரானிக் தட்டு) வைத்து ஒருவரே வாசிப்பது கூடாது. வேறு வழியில்லை என்றால் இருவரின் நான்கு குச்சிகளையும் தனித்தனியாக, மெல்லிய தட்டு முதல் பலத்த தட்டு வரை பதிந்து, இரண்டு பேடில் பிரித்து, இரண்டு பேரை வாசிக்க விடுங்கள்.