பயிற்சிச் செலவை அலுவலகத்தில் கேட்பது எப்படி?

கருத்தரங்குக்கோ பயிற்சிக்கோ அலுவலகம் பணம் தர வேண்டுமா? "கற்றுக்கொள்ள ஆசை" என்று மட்டும் கேட்டால் வேலைக்கு ஆகாது. உங்கள் குழு இப்போது திணறும் சிக்கல் எது என்று பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் அதைத் தொடும் இரண்டு அமர்வுகளைத் தலைப்போடு குறிப்பிட்டு, சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டணம், பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டால் எரிச்சல்தான் வரும். நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பல கோரிக்கைகள் அந்தக் கேள்வியில்தான் நின்றுபோகின்றன.

அடுத்த ஆண்டு பட்ஜெட் போடும் நேரத்தில் கேட்பது நல்லது. முழுத் தொகை கிடைக்காவிட்டால், கட்டணம் மட்டுமாவது, இல்லை சம்பளத்தோடு விடுப்பாவது கேளுங்கள். பணம் தந்துவிட்டு, "இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது" என்று ஒப்பந்தம் நீட்டினால், அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.