சின்ன காரின் பிரேக்கை மேம்படுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி ஒரு சின்ன கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தினமும் ஆபீஸ், விடுமுறைக்கு ஊர், எப்போதாவது ஏற்காடு அல்லது வால்பாறை. இந்த வண்டிக்கு பிரேக் பத்தவில்லை என்று தோன்றியதும் பலர் நேராகத் தேடிப் போவது பெரிய டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடில் விலை கூடியதையும்தான். எது பத்தவில்லை என்று பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு அதுதான்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் பழசாகிவிட்டது. பெடல் வெகுதூரம் இறங்கிய பிறகே பிடித்தால், பின் டிரம்மில் உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெடல் கல் போல இறுகி, பலம் கொடுத்து மிதிக்க வேண்டியிருந்தால், மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸையோ சோதிக்க வேண்டும். இவை எல்லாமே ரிப்பேர் வேலை. இவற்றைச் சரிசெய்யாமல் மேலே புதுசாக என்ன மாட்டினாலும் பழைய குறை அப்படியே இருக்கும்.

அடுத்தது டயர். ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை முழுதாக மிதித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலடியில் படபடவென்று அடித்தால், அல்லது ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தால், பிரேக் தன் வேலையை முழுசாகச் செய்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயர்தான். அந்த நிலையில் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஒரு அவசர பிரேக்கில் தூரம் குறையாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பட்டன் இருந்தும் ரப்பர் வெடித்து இறுகிப்போன டயரும் மழையில் நம்பத்தக்கதல்ல. பிரேக்குக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் நாலு வாங்கினால் பலன் முதல் நாளே தெரியும். ஆனால் அழகுக்காகப் பெரிய அலாய் வீல் போட்டால் எடை கூடும், பிரேக்குக்கு வேலையும் கூடும்.

அப்படியானால் பிரேக்கை மேம்படுத்துவதே வீணா? இல்லை. மலைப் பாதையில் அதற்குத் தேவை வருகிறது, ஏனென்றால் அங்கே பிரச்சினை வெப்பம். ஒரு கணக்கு பாருங்கள். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வண்டியிலிருந்து வெளியேற வேண்டிய ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 40 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வண்டியின் எடை எவ்வளவானாலும் இந்த விகிதம் மாறாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இதில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு சின்ன டிஸ்க்குகளில்தான் சூடாகச் சேரும்.

சூடு ஏறினால் இரண்டு விதமாக பிரேக் போகும், இரண்டும் காலுக்கு வேறு வேறாகத் தெரியும். பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது: பேட் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று தரை வரை போகும்: பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. முதலாவதற்கு நல்ல பேட் தீர்வு. இரண்டாவதற்கு எந்தப் பேடும் உதவாது, புது ஆயில்தான் வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதன் தரத்தை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. புது டாட் 3-ஐ விட ஈரமேறிய டாட் 4 சீக்கிரம் கொதிக்கும் என்பதைக் கவனியுங்கள். அதனால் டாட் எண்ணைப் பார்த்து மயங்குவதை விட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவது முக்கியம். நம் கடற்கரை ஊர்களில் இதைத் தள்ளிப் போடவே கூடாது. டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான் அடிப்படையிலானது. மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஒத்துவராது. 5-க்கும் 5.1-க்கும் குழம்பி வாங்கிவிடாதீர்கள். என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுகூட பிரேக் ஆயில் டப்பாவுக்குள் போகக்கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த சிஸ்டத்தையும் பிரிக்க வேண்டிவரும்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுவது, சிலர் என்ஜினையே அணைப்பது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளே நின்றுவிடும். ஆக, நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை. என்ஜினை அணைத்தால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் சில மிதிகளுக்கே வரும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் காசு செலவில்லாத பிரேக் அப்கிரேடு.

சரி, பேடுக்கு வருவோம். ரேஸ் பேட் வாங்குவது ஆசையில் செய்யும் தவறு. அது சூடான பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடிவரும்போது பேட் குளிர்ந்தே இருக்கும். பேடின் ஓரத்தில் அல்லது முதுகில் அச்சிட்ட குறியீட்டில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டும் எஃப் ஆக இருந்தால் சாலை வண்டிக்குத் தாராளம். முதல் எழுத்தை விட இரண்டாவது தாழ்ந்திருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் பேட் அது. போலிப் பேடுகளும் சந்தையில் உண்டு என்பதால் பில் தரும் கடையில் வாங்குங்கள்.

துளையிட்ட டிஸ்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். சூட்டைத் தாங்கும் இரும்பும் அதில் குறைவு. சின்ன காருக்குத் தேவையில்லை. சிவப்பு காலிப்பர் கவரும், டிரம்முக்கு மேல் ஒட்டும் போலி டிஸ்க் தகடும் இன்னும் மோசம், சூடு வெளியேறும் வழியை அடைக்கின்றன. பெரிய காலிப்பர் போட்டால் அதன் பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பழசாகவே இருந்தால் பெடல் நீளமாக இறங்கும். 13 இன்ச் ரிம்முக்குள் பெரிய டிஸ்க் இடிக்கவும் செய்யும்.

பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிரேக் போடும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும். அங்கே பிடிப்பு கூடினால் பின் சக்கரம் முதலில் பூட்டும், வண்டி சுழலும். தயாரிப்பாளர் அளந்து வைத்த முன்பின் பங்கீட்டை நம் ஒர்க்‌ஷாப்பில் அளக்க வழியில்லை. ஹேண்ட்பிரேக் ஏற்பாடும் குழம்பும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸில் கேள்வி வரும்.

பொருள் சரியாக இருந்தும் மாட்டும் விதத்தில் கெடுவது நிறைய. சக்கரத்தைக் கழற்றியதும், டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் துரு படிந்திருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் புது டிஸ்க்கை வைத்தால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் அதிரத் தொடங்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று பழி அதன்மேல் போகும். சக்கர நட்டை நட்டு முடுக்கும் கன் போட்டு ஒரே பக்கமாக இறுக்கினாலும் இதே கதி. காலிப்பர் நகர உதவும் இரண்டு பின்களையும் (ஊசிகளையும்) உருவி, துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், அந்த ஊசி இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை கிளீனரால் துடைத்தாக வேண்டும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே சுவரில் முட்டுவது இதனால்தான்.

அப்புறம் புதுப் பேடைப் பழக்க வேண்டும். பேட் பெட்டியில் முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, மிதமான மிதியில், முழுதாக நிறுத்தாமல், சுமார் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே சற்று ஓடவிட்டுச் செய்யலாம். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் பேடின் தடம் படிந்து அதிர்வு வரும். முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆயில் அளவையும் கசிவையும் ஒருமுறை பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புங்கள்.